பலாவூரும் பயற்றுணவும்

நாம் வாழும் இவ்வூரின் பெயரிலேயே ஒரு மரம் நிற்கின்றது. கன்னடத்தில் ‘ஹலசு’ என்றால் பலா. ஏரிக்கரையை ஒட்டி முன்னாளில் பலாத்தோப்பு இருந்தமையால் இவ்விடம் ‘ஹலசூரு’ எனப் பெயர் பெற்றது என்பர். 1809-ஆம் ஆண்டில் இங்கே தண்டு அமைந்த பின் ஆங்கிலேயர் நாவில் அது ‘அல்சூர்’ ஆயிற்று. தண்டோடும் தண்டைத் தொடர்ந்தும் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய நம் முன்னோரும் அப்பெயரையே வழங்கினர். நாமும் வழங்கி வருகின்றோம்.

இன்று அதே பலாவின் பிஞ்சு, நறுக்கப்பெற்று, உறையில் அடைக்கப்பெற்று, ‘இறைச்சிக்கு மாற்று’ என்னும் அடைமொழியோடு நகரின் பெரிய கடைகளில் விற்பனைக்கு வருகின்றது. அதன் அருகே சோயாவாலும் பட்டாணியாலும் செய்த கறியுருண்டைகள் குளிர்ப்பெட்டியில் அடுக்கப்பட்டுள்ளன. பிள்ளைகள் அவற்றைக் கேட்கின்றனர். பெற்றோர் விலையைப் பார்த்துத் தயங்குகின்றனர். இஃது மேனாட்டார் நேற்றுக் கண்ட புதுமை என்றே பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது. புலாலும் பாலும் எட்டாத இடத்தில் பயற்றை வைத்து உடலை வளர்க்கும் முயற்சி, நம் பெங்களூரிலும், அடுத்துள்ள மைசூரிலும், நீலகிரிக் குன்னூரிலும் நெடுங்காலத்துக்கு முன்பே நடந்தது. ஏழைப் பிள்ளையின் வளர்ச்சியை எண்ணியே அன்று அறிஞர் உழைத்தனர். அவ்வரலாற்றை அறிந்து கொண்டால், இன்று கடையில் காணும் பொருளை எடை போடவும் நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கும்.

அல்சூர் ஏரிக்கரையில் 2009-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற வள்ளுவர் சிலையை நாம் நாளும் காண்கின்றோம். அப்பெருமான் புலால் மறுத்தலுக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கினார். எனினும் நம் குடும்பங்களில் புலால் உண்பாரும் உளர், உண்ணாரும் உளர், உண்ண விரும்பியும் வாரம் ஒரு முறைக்கு மேல் வாங்க இயலாதாரும் உளர். இம்மூவர்க்கும் பொதுவான வினா ஒன்று உண்டு. தட்டில் இறைச்சி இல்லாத நாளில் உடலுக்கு வேண்டிய புரதத்தைத் தருவது எது?

பஞ்சம் எழுப்பிய வினா

இவ்வினாவை நம் நாட்டில் முதன்முதல் உரத்து எழுப்பியது 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சமாகும். சென்னை மாகாணமும் மைசூர் நாடும் ஒருங்கே பட்ட துயரம் அது. 1877-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்திய அரசின் சார்பாக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று விதித்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம்.

சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் வில்லியம் கார்னிஷ் அதனைக் கடுமையாக மறுத்தார். கல் உடைத்து மண் சுமக்கும் உடல் வெறும் அரிசியால் நிலைக்காது. அளவும் கூட வேண்டும், பருப்பும் சேர வேண்டும் என்பது அவர் வாதம். புரதம் என்னும் சொல் நம் வீடுகளை எட்டாத காலம் அது. எனினும் பசித்த கூலியாளின் உணவில் பருப்பு இல்லாமை ஓர் உயிர்க்குறை என்று எழுத்தில் வாதாடிய மருத்துவர் ஒருவர் அன்றே சென்னையில் இருந்தார். சில மாதங்களில் அப்படியும் உயர்த்தப்பட்டது. அதற்குள் மடிந்தவர் மீளவில்லை.

குன்னூரில் நிகழ்ந்த ஆராய்ச்சி

1918-ஆம் ஆண்டில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் சர் ராபர்ட் மக்காரிசன் தம் ஆய்வைத் தொடங்கினார். தவுடு நீக்கிய அரிசியை உண்பார்க்கு வரும் பெரிபெரி நோயை ஆராய்வதே முதல் நோக்கம். பின்னர் இந்திய நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை அவ்வாறே சமைத்து எலிக்கூட்டங்களுக்கு அளித்து, வளர்ச்சியை ஒப்பிட்டுப் பார்த்தார். கோதுமை, பருப்பு, பால், தயிர், காய்கறி, எப்போதோ சிறிது இறைச்சி என உண்ணும் சீக்கியர் உணவைப் பெற்ற எலிகள் முதலிடம் பெற்றன. கன்னடர் உணவு அவ்வரிசையின் பிற்பகுதியில் நின்றது. சென்னை மாகாணத்தாரின் உணவு கடைசி இடத்தில் நின்றது.

இம்முடிவு நமக்கு இனிப்பதன்று. ஆனால் அதனை நுணுகி நோக்க வேண்டும். முதலிடம் பெற்ற உணவில் இறைச்சி மிகுதியாக இல்லை. முழுத் தானியமும் பருப்பும் பாலும் கீரையும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. கடைசி இடம் பெற்ற உணவின் குறை, தீட்டிய அரிசி தட்டை நிறைத்துப் பிறவற்றைக் கரையோரம் தள்ளியதே ஆகும். நம் தட்டில் இன்றும் அந்நிலை முற்றும் மாறிவிட்டது என்று சொல்ல நமக்குத் துணிவு உண்டா?

மக்காரிசனுக்குப் பின் 1935-இல் பொறுப்பேற்ற டாக்டர் அய்க்ராய்டு காலத்தில், நம் நாட்டு உணவுப் பொருள்களின் சத்துக் கணக்கு 1937-இல் சிறுநூலாக வெளிவந்தது. துவரையும் உளுந்தும் கடலையும் பெற்றிருக்கும் புரதத்தின் அளவு எண்ணாக அச்சேறியது. அவ்வாராய்ச்சிக் கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று வழங்குவது அதுவே.

நம் நகரின் பங்கு

1909-இல் தோன்றிய இந்திய அறிவியல் கழகத்தைப் பழைய பெங்களூர்வாசிகள் ‘டாட்டா இன்ஸ்டிட்யூட்’ என்றே அழைப்பர். 1933-ஆம் ஆண்டில் கமலா பாக்வத் என்னும் இளம்பெண், உயிர்வேதியியல் பயில விரும்பி அங்கு வந்தார். பெண் என்பதனால் சேர்க்க இயலாது என்றார் இயக்குநராக இருந்த சர் சி. வி. இராமன். அப்பெண் பின்வாங்கவில்லை. ஓராண்டு சோதனைக்காலம் என்னும் நிபந்தனையோடு இடம் பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிப் பொருள் யாது? பாலிலும் பயறு பருப்புகளிலும் உள்ள புரதங்கள். தம் உழைப்பால் அவர் ஆசிரியர்களின் ஐயத்தைத் தீர்த்தார். 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டமும் பெற்றார். பின்னர்க் குன்னூரிலும் பணியாற்றினார். கமலா சோஹோனி என்று பிற்காலத்தில் அறியப்பட்டவர் அவரே. நாம் நாள்தோறும் ஊற வைக்கும் பயற்றைப் பற்றிய அறிவுக்கு நம் நகரத்தில் ஒரு பெண் இவ்வாறு போராடி வழி திறந்தார் என்பதை நம் பெண்மக்கள் அறிதல் வேண்டும்.

அக்கழகத்திலேயே டாக்டர் வி. சுப்பிரமணியன் உயிர்வேதியியல் துறையை நடத்தினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பாலும் தானியமும் அரிதாயின. 1943-இல் வங்கப் பஞ்சம் நாட்டையே உலுக்கியது. அந்நாளில் அவரும் அவர்தம் உடனுழைப்பாளரும் சோயா அவரையிலிருந்து பால் எடுக்கும் முறையை ஆராய்ந்தனர். சீனர்க்குச் சோயாப் பாலும் அதனை உறைய வைத்துச் செய்யும் கட்டியும் பழம்பொருள்கள். நமக்கோ அவை புதியவை. சோயாவின் பச்சை நாற்றத்தை நீக்குவதும், செரிமானத்தைத் தடுக்கும் பொருளை வேக வைத்து அடக்குவதும் அறிஞர்க்குப் பெருவேலையாயின.

மைசூரில் பிறந்த மாவு

நாடு விடுதலை பெற்றபின், மைசூரில் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் திறக்கப்பெற்றது. அதன் முதல் இயக்குநர் சுப்பிரமணியனே. பெங்களூரில் விதைத்த எண்ணம் மைசூரில் முளைத்தது.

அப்பொழுது அமெரிக்காவில் சோயா மாவைக் கொண்டு பல்பயன் உணவு என்னும் ஒன்று செய்து, பசித்த நாடுகளுக்கு அனுப்பி வந்தனர். நம் அறிஞர் அதனை அப்படியே பின்பற்றவில்லை. நம் நாட்டில் மலிந்து கிடப்பது எது என்று நோக்கினர். எண்ணெய் ஆட்டியபின் எஞ்சும் நிலக்கடலைப் பிண்ணாக்கில் புரதம் நிறைந்திருந்தது. அது மாட்டுக்கும் உரத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. தூய முறையில் எண்ணெய் நீக்கிய நிலக்கடலை மாவு 75 பங்கும், கொண்டைக்கடலை மாவு 25 பங்கும் கலந்து, சுண்ணாம்புச் சத்தும் உயிர்ச்சத்துகளும் கூட்டி இந்தியப் பல்பயன் உணவைப் படைத்தனர். நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பங்கு புரதம் கொண்ட மாவு அது. குழம்பிலும் கஞ்சியிலும் ஒன்றிரண்டு கரண்டி சேர்த்தால் ஏழைப் பிள்ளையின் உணவு நிறைவடையும் என்பது நோக்கம். ஆர்க்காட்டு நிலக்கடலைச் சீமையிலிருந்து வந்த நம் குடும்பங்களுக்கு இச்செய்தி பெருமை தருவதாகும்.

அத்துடன் அமையாது, மரவள்ளி மாவையும் நிலக்கடலை மாவையும் சேர்த்து அரிசி வடிவில் மணிகள் செய்தனர். நிலக்கடலைப் புரதத்தைப் பிரித்தெடுத்து எருமைப் பாலோடு கலந்து ‘மில்டோன்’ என்னும் பாலையும் ஆக்கினர். அப்பால் 1970-களில் பெங்களூர்ப் பால்பண்ணையிலும் தயாராயிற்று.

இவ்வளவு அறிவும் உழைப்பும் சேர்ந்த பொருள்கள் இன்று நம் அடுக்களையில் ஏன் இல்லை? காரணம் ஒன்றன்று. ‘ஏழைக்கென்று செய்த மாவு’ என்னும் பெயரை ஏழையும் விரும்புவதில்லை. அரிசியின் வடிவம் தந்தாலும் அரிசியின் சுவை வாராது. இவை போதாவென்று, 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு நூறாயிரத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் திடீரென மடிந்தன. அவற்றுக்கு இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்து, ‘ஆப்ளடாக்சின்’ என்னும் நஞ்சு விளைந்திருந்தது கண்டறியப்பட்டது. ஈரத்தில் கிடந்த நிலக்கடலை எங்கும் இவ்வச்சத்துக்கு உரியதாயிற்று. பூஞ்சை பூத்த, கசக்கும் கடலையை ஒன்றிரண்டாயினும் தின்னலாகாது என்று பாட்டிமார் எறிந்தது எத்துணை அறிவுடைமை!

பிழையும் திருத்தமும்

அக்காலத்து உலக அறிஞர் பலரும் ஒரு கருத்தில் ஊன்றி நின்றனர். ஏழை நாடுகளின் பிணி ‘புரதப் பஞ்சம்’. புரதப் பொடியைக் கொடுத்தால் பிணி தீரும் என்பது அது. இதனை மறு ஆய்வுக்கு உட்படுத்தியவர்களுள் தலையாயவர் சேலத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் சி. கோபாலன். குன்னூரில் பயின்று, ஐதராபாத் நிறுவனத்தை வழிநடத்தி, 2019-இல் தம் நூறாம் வயதில் மறைந்த பெரியார் அவர். நம் நாட்டுக் குழந்தைகள் உண்ணும் தானியமும் பருப்பும் கலந்த உணவை அளவிட்டு அவர் கண்ட உண்மை எளியது. குறைவது புரதம் மட்டும் அன்று; உணவே குறைகின்றது. வயிறு நிறையாத பிள்ளைக்குப் புரதத்தை மட்டும் ஊட்டினால், உடல் அதனையும் விறகாக எரித்துவிடும்.

அவரும் அவர் குழுவினரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், மெலிந்த குழந்தைகளுக்குப் பதினான்கு மாதம் நாள்தோறும் 310 கலோரியும் 3 கிராம் புரதமும் மட்டுமே கூடுதலாக அளித்தனர். குழந்தைகள் நன்கு வளர்ந்தனர். விலை உயர்ந்த புரதப் பொடியின்றியே அவ்வளர்ச்சி கிட்டியது. எந்த ஒரு பொருளும் தனித்து நின்று உடலைக் காவாது. முழு உணவே காக்கும் என்பது இதனால் தெளிவாயிற்று. மாற்று உணவை மருந்துபோல் விற்பார்க்கு இன்றும் இதுவே தக்க விடையாகும்.

சோயாவின் வருகை

நிலக்கடலை விட்ட இடத்தைச் சோயா பிடித்தது. காந்தியடிகள் 1935-இலேயே சோயாவில் ஆர்வம் காட்டி ஆசிரமத்தாரிடம் உண்ணச் செய்து பார்த்தார். ஆயினும் 1960-களுக்குப் பின்னரே அது நம் நாட்டில், சிறப்பாக மத்தியப் பிரதேசத்தில், பெரும்பயிராயிற்று. எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் சோயா மாவை நீர் சேர்த்துப் பிசைந்து, வெப்பத்தோடும் அழுத்தத்தோடும் பொறியின் சிறு துளை வழியே தள்ளினால், வெளிவரும்போது அது பொரிந்து பஞ்சுபோல் ஆகின்றது. அதுவே நாம் ‘மீல் மேக்கர்’ என்று வாங்கும் சோயா உருண்டை. உலர்ந்த நிலையில் நூறு கிராமில் ஐம்பது கிராமுக்குச் சற்று மேல் புரதம் உண்டு. மைசூர் அறிஞர் கண்ட கனவு வேறொரு விதையின் வழியே பலித்தது என்றே கூறலாம். ‘சத்துமாவு’ என்று வாராமல் குருமாவாகவும் பிரியாணியாகவும் வந்தமையால் மக்கள் அதனை ஏற்றனர்.

2010-க்குப் பின் அமெரிக்க நிறுவனங்கள் இன்னும் ஒருபடி சென்றன. பட்டாணி, சோயா ஆகியவற்றின் புரதத்தை எடுத்து, எண்ணெயும் நிறமும் மணமும் சேர்த்து, பார்வைக்கும் பல்லுக்கும் இறைச்சியே போன்ற பொருளைச் செய்தன. 2020-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக அறிஞர் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், முப்பத்தாறு பேர் எட்டு வாரம் இறைச்சியும் எட்டு வாரம் இம்மாற்றும் உண்டனர். மாற்றை உண்ட காலத்தில் தீய கொலஸ்டிரால் குறைந்திருந்தது. நற்செய்தியே, எனினும் அது சிறிய ஆய்வு. இத்தகைய பொருள்கள் பலவற்றில் உப்பு மிகுதி என்பதையும் மறத்தலாகாது.

நம் அடுக்களைக்கு

இனி நம் வினாவுக்கு வருவோம். கோபாலன் குழுவினர் தொகுத்த கணக்கின்படி, நூறு கிராமில் உள்ள புரதம் ஆட்டிறைச்சியில் 18.5 கிராம், முட்டையில் 13.3, துவரம் பருப்பில் 22.3, உளுத்தம் பருப்பில் 24, நிலக்கடலையில் 25.3, சோயா அவரையில் 43.2; அரிசியில் 6.8. பருப்பு இறைச்சியை வென்றுவிட்டது என்று மகிழ வேண்டா. பருப்பு உலர்ந்த பொருள். நூறு கிராம் பருப்பை ஒருவர் ஒரு வேளையில் உண்பதில்லை. சாம்பாரில் ஒருவர்க்கு முப்பது கிராம் பருப்பு சேர்ந்தால் ஏழு கிராம் புரதம் கிட்டும். தெளிவாக ஊற்றிய சாம்பாரில் அதுவும் கிட்டாது. முப்பது கிராம் உலர்ந்த சோயா உருண்டையோ ஏறத்தாழ பதினைந்து கிராம் தரும்.

நம் ஊர்ப் பலாவின் நிலை என்ன? பலாப்பிஞ்சில் நூறு கிராமுக்கு 2.6 கிராம் புரதமே உண்டு. நார்ச்சத்து உண்டு; நல்ல காய்கறி அது. இறைச்சிபோல் மெல்ல வருகின்றது என்பது உண்மை; இறைச்சிபோல் ஊட்டுகின்றது என்பது உண்மையன்று. உருவில் ஒப்புமை வேறு, ஊட்டத்தில் ஒப்புமை வேறு. 2022-இல் கர்நாடகப் பள்ளிகளில் முட்டை வழங்குவது மாநிலம் முழுமைக்கும் விரிந்தபோது, முட்டை உண்ணாப் பிள்ளைகட்கு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ தரும் ஏற்பாடு இருந்தது. முட்டை ஒன்றில் ஆறு கிராம் புரதம். வாழைப்பழத்தில் ஒரு கிராம் அளவே. இவ்விரண்டனுள் எது முட்டைக்கு அருகில் நிற்கும் என்பதை இனி நாமே கூறலாம்.

உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்த அளவு. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது ஏறத்தாழ 46 கிராம். தானியம் மூன்று பங்குக்குப் பருப்பு ஒரு பங்கு என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் கூறும் நெறி. அரிசிப் புரதத்தில் குறைவதைப் பருப்பு தரும். பருப்பில் குறைவதை அரிசி தரும். இட்டலியும் பொங்கலும் அடையும் இவ்வுண்மையின் வடிவங்களே.

மூன்று எச்சரிக்கைகளும் வேண்டும். முதலாவது, பி-12 என்னும் உயிர்ச்சத்து பயற்றில் இல்லை. பாலும் தயிரும் முட்டையும் அதனைத் தரும்; இவற்றையும் விலக்குவோர் மருத்துவரைக் கலந்து கொள்க. இரண்டாவது, பயற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து எளிதில் உடலில் சேராது. எலுமிச்சையும் நெல்லியும் அதற்குத் துணை. உண்டவுடன் பருகும் காப்பியும் தேநீரும் பகை. மூன்றாவது, உறையில் அடைத்து வரும் மாற்றுணவுகளின் உப்பளவைப் படித்துப் பார்த்து வாங்குக.

அன்பர்களே! பஞ்சக் கூலியாளுக்குப் பருப்பு வேண்டும் என்று வாதாடிய மருத்துவர் முதல், மைசூரில் மாவு செய்த அறிஞர் வரை அனைவரும் எண்ணியது ஒன்றே. எளியவன் வீட்டுப் பிள்ளையும் ஏனைய பிள்ளைகளைப்போல் வளர வேண்டும். அதற்கு உரிய பொருள் நம் தெருமுனை மளிகைக் கடையில் சாக்குகளில் திறந்தே இருக்கின்றது. குளிர்ப்பெட்டியில் உள்ளதை விழா நாளில் ஆசைக்கு வாங்குவோம்; தவறில்லை. நாளைய சாம்பாரில் மட்டும் ஒரு பிடி பருப்பைக் கூட்டிப் போடுவோம். நம் குடியிருப்புப் பிள்ளைகள் அனைவரும் உடல் நலம் பெற்று ஓங்குக! வாழ்க தமிழ்!